ஒருவர் கைநாட்டு ஊரார் சம்மதம் ஆகுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அடுத்த மாதமே, அதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்கள் அடிப்படை வசதிகள் இன்றித் தவிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த மலை அரசின் நேரடிக் கைக்கு வந்தது 1976-ல்தான் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். அதுவரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற ஜாகீர்தார் வழியினரோடு பேசியே ஆட்சி நடந்தது. மலைக் குடிகளை யாரும் கேட்கவில்லை. இது அறமாகாது.

இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் தம் பாவுக்குக் கூலி பேசலாம். பக்கத்து வீட்டுப் பாவுக்கு அவர் பேசினால் அது செல்லுமா? மலைக்கு மட்டும் அது எப்படிச் செல்லுபடியானது?

வீடுவீடாகக் கேட்டால் ஆட்சி நடக்காது என்பார்கள். நிர்வாகத்தின் சிரமம் உண்மைதான். ஆனால் 1792-ல் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது கேப்டன் ரீடும் அவர் உதவியாளர் மன்றோவும் மலைக்குக் கீழே உள்ள சமவெளியில் வயல் வயலாக அளந்து, உழவர் பெயரில் தீர்வை எழுதினார்கள். வரி வேண்டுமென்றால் ஒவ்வொரு குடியும் கண்ணுக்குத் தெரிகிறது. உரிமை என்றால் தலைவர் ஒருவரே போதும் என்றாகிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1835 ஜூலை 1-ல் காடோ பழங்குடியின் தலைவர் தார்ஷாரும் மற்றவர்களும் லூசியானா நிலத்தை 80,000 டாலருக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை முடித்த அரசு முகவர் ஜெஹியேல் புரூக்ஸ், அதன் இணைப்பில் கிராப் என்ற குடும்பத்துக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிறகு தாமே வாங்கிக்கொண்டார். 1850-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் தேறியது அறத்திலும் தேறியதாகுமா?

பிறருக்காகப் பேசுவதற்கும் ஆள்வதற்கும் அறம் உண்டு என்பது நம் மரபு. தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். செங்கோன்மைக்கு அடுத்தே கொடுங்கோன்மையை வைத்தார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, போரைத் தவிர்க்கப் போனாரே தவிர, தமக்கென்று எதையும் வாங்கிவரப் போகவில்லை. தன் தீர்ப்பு பிழை என்று தெரிந்த கணமே உயிர்விட்டான் சிலம்பின் பாண்டியன். ஆனால் குடிகளைக் கேளாமல் மலை கைமாறியதற்கு நம் கொல்லிமலையும் சாட்சி: அதை ஆண்ட ஓரியைக் கொன்ற காரி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான், அங்கே தினை விதைத்தவர்களின் பேச்சு அந்தக் கதையில் எங்கும் இல்லை. ஈராயிரம் ஆண்டுகளாக மலை கைமாறுவது இப்படித்தான். அதிகாரியாக மலையேறுகிறவர் முதலில் வெட்கப்பட வேண்டியது இதற்கே.

2006-ன் வன உரிமைச் சட்டம், உரிமைக் கோரிக்கைகளை முதலில் கேட்கும் பொறுப்பைக் கிராமசபைக்குக் கொடுத்திருக்கிறது. கல்வராயனில் கருமந்துறைப் பக்கமும் வெள்ளிமலைப் பக்கமும் குக்கிராமம் தவறாமல் அந்தச் சபை கூடட்டும். வருகிற அதிகாரி பெரியவர் வீட்டுத் திண்ணையோடு திரும்பிவிடாமல், கடைசிக் குடிசை வரை நடந்து, பெண்கள் பெயரையும் சேர்த்துப் பெயர் பெயராகக் கேட்டு எழுதட்டும், ரீடின் ஆட்கள் கீழே வரிக்காக எழுதியதைப் போல.