வேலியும் வாயிலும்

1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வாவிக்கரையில் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரின் நாவில் புனிதர் என்னும் பொருளில் வழங்கிய 'சாந்து' என்னும் அடைமொழி, யாகப்பரின் திருநாமத்தோடு இணைந்து சந்தியாகப்பர் என்றும், மயிலாப்பூரில் தோமையாரோடு இணைந்து சாந்தோம் என்றும் தமிழிலே நிலைபெற்றுவிட்டது. இலத்தீனின் 'சாங்க்துஸ்' என்பதே இதன் மூலம். இத்தாலியரும் ஸ்பானியரும் அதனைச் சாந்தோ என்பர், ஆங்கிலேயர் பிரெஞ்சு வழியாகப் பெற்றுச் செயிண்ட் என்பர். ஜெர்மானியரோ அடியாரின் பெயர்முன் சாங்க்ட் என இட்டாலும், புனிதம் என்னும் குணத்தைக் குறிக்கையில், முழுமை, நலம் என்னும் பொருள்களோடு உறவுடைய 'ஹைலிக்' என்னும் தம் சொல்லையே ஆள்வர்.

இலத்தீன்சொல்லின் ஆதிப்பொருள் வேறு: விதியினால் காக்கப்பட்டது, மீறலாகாதது என்பதே அது. ஆகவே புனிதம் என்பது விலகி நிற்றலா, நிறைவுற்றிருத்தலா என்னும் வினா இச்சொற்களின் உள்ளேயே கிடக்கின்றது. விலக்கே புனிதமென்று கொண்டதன் கொடுமையை நாம் நன்கறிவோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், வழிபட வந்த அடியாரையே பிறப்பைக் காட்டித் தடுத்தவர்கள் காத்துநின்றது தெய்வத்தை அன்று, தம் அகங்காரத்தையே என்பது என் துணிபு.

ஆயினும் விலக்கு முற்றிலும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. மட்டக்களப்புத் தேசத்துக் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில், ஆண்டின் பெரும்பகுதி அடைத்துக் கிடக்கும் கதவு வைகாசியிலே திறக்கப்பட்டு, சடங்குகள் நிகழ்ந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு நிறைவெய்தும். அத்தனை மாதம் அடைத்திருந்தமையாலன்றோ 'கதவு திறத்தல்' என்பதே ஊர் முழுதும் கூடும் பெருவிழாவாயிற்று! இரண்டாம் நூற்றாண்டின் உரோம நீதிநூலாசிரியர் காயுஸ், நகரின் மதிலோடு வாயிலையும் சேர்த்தே புனிதப் பொருள் என்று வகுத்தமை இங்கே நினைக்கத்தக்கது. மதில் புனிதமாயின், மனிதர் உட்புகும் வழியும் அதே அளவு புனிதமாதல் வேண்டும்.

மாங்கேணியிலும் வாகரைப் பக்கத்திலும் வாழும் கடலோர வேடரின் சடங்கு இவ்வினாவை இன்னும் ஓரடி முன்னே கொண்டு செல்கின்றது. அங்கே தெய்வம் இறங்குவது மனித தேகத்திலே. ஊரார் கைகூப்பி வாக்குக் கேட்கும் அம்மனிதன், தெய்வம் நீங்கியதும் தன் குடும்பத்துக்கும் தொழிலுக்குமே மீள்கின்றான். அவனைப் பிறரினின்று என்றைக்குமாகப் பிரித்துவைக்கும் வேலி எதுவுமில்லை. எனினும் அவ்வேளையில் அவன் புனிதன் என்பதில் அவ்வூராருக்கு ஐயமேயில்லை.