டிஸ்க் கையில், கேம் யாரிடம்?

கன்சோல் டிஸ்க்கா, டிஜிட்டல் கடையா என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அமெரிக்காவில் டிஸ்க் போடும் மாடல் 499 டாலர், போடமுடியாத மாடல் 399. நூறு டாலர் லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் மலிவான பெட்டியை எடுத்தவர் அதன்பின் ஏறக்குறைய சோனியின் கடைக்கு மட்டுமே வாடிக்கையாளர். பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கமுடியாது, ஆடி முடித்ததை விற்கமுடியாது, நண்பருக்கு இரவல் தரவும் முடியாது. நிறைய கேம் வாங்குகிறவருக்கு அந்த நூறு வெகு சீக்கிரம் கரைந்துவிடும்.

அதற்காக டிஸ்க்தான் பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் தனியாக ஆடினாலும் சர்வரைத் தேடும். 2024 மார்ச் 31-இல் நிறுவனம் சர்வரை நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவருக்கும் பதிவிறக்கியவருக்கும் ஒரே கதிதான். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் கேமே இருப்பதில்லை, அதைப் பதிவிறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் இருக்கிறது. (பெட்டி, அட்டைப்படம் எல்லாம் வழக்கம்போலத்தான்.) மறுபக்கம் ஜி.ஓ.ஜி. என்ற கடையில் டிஸ்க் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அங்கே வாங்கும் கேமின் நிறுவல் கோப்பை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால், கடையைக் கேட்காமலே பிறகு நிறுவிக்கொள்ளலாம். ஆகவே வாங்குமுன் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த கேம் ஓட நாளைக்கு யாருடைய அனுமதியாவது வேண்டுமா?

பத்து வருடம் கழித்து யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்பார்கள். நியாயம்தான். பலர் ஒருமுறை முடித்தால் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. டிஸ்க்கும் கீறல் விழுந்து கெட்டுப்போகும். ஸ்டீம் என்ற டிஜிட்டல் கடையில் தள்ளுபடி தாராளம். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணமும் திரும்பக் கிடைக்கும். இதெல்லாம் உண்மையான வசதிகள். ஆனால் அங்கே கிடைப்பது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. வெறும் உரிமத்தை விற்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2025 முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. சொல்லவேண்டும் என்கிறது சட்டம்; விலையைக் குறை என்று சொல்லவில்லை. வாடகைக்கு எடுப்பதற்குச் சொந்த விலை கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நிறுவனம் காலமெல்லாம் நஷ்டத்தில் சர்வர் ஓட்டவேண்டுமா என்பது இன்னொரு வாதம். வேண்டாம். ஒருவர் தனியாக ஆடக்கூடிய கேமுக்கு, மூடுமுன் இணையமில்லாமல் ஓடும்படி ஒரு கடைசி அப்டேட் போதும். எதிர்ப்பு வலுத்தபின் அதே யூபிசாஃப்ட் 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. தொழில்நுட்பத்தால் முடியாது என்ற பேச்சு அத்தோடு அடிபட்டுப்போகிறது.

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமில் இந்தப் பிரச்சினைக்கு எளிய தீர்வு இல்லை. ஆட்கள் போய்விட்டால் கேமும் போய்விடும். அதை எந்தக் கடையில் மலிவோ அங்கே, அதுவும் தள்ளுபடி வரும்வரை பொறுத்து வாங்கலாம். வெளிவந்த அன்றே முழு விலை கொடுப்பதென்றால், முழு கேமும் அடங்கிய டிஸ்க்குக்கோ பூட்டில்லாத கோப்புக்கோ கொடுக்கலாம்.