எலி வளைக்குப் பட்டா உண்டா?

தண்ணீருக்காகத் தோண்டினார், கறுப்பாக என்னவோ வந்தது. நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட, தண்ணீரோடு கறுப்புத் துகளும் சேர்ந்து வந்தது. வேறு யாராவது என்றால் ‘ராசியில்லாத கிணறு’ என்று மூடிவிட்டுப் போயிருப்பார்கள். மனிதர் விடவில்லை. எடுத்து அனுப்பிச் சோதிக்க வைத்தார். பழுப்பு நிலக்கரி! பிற்பாடு சுரங்கத்துக்காக 620 ஏக்கரை அவர் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1956-ல் கம்பெனி பதிவானது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-ல் மின்சாரம்.

நல்ல கதை. இதில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த 620 ஏக்கரில் அதுவரை யாரெல்லாம் வந்துபோய்க்கொண்டிருந்திருப்பார்கள்? ஆடு மேய்த்தவர், சுள்ளி பொறுக்கியவர், முயலுக்குக் கண்ணி வைத்தவர், எலி பிடித்தவர்... நிலத்தைக் கொடுப்பவர் தன்னுடையதைத்தான் கொடுக்கிறார். கூடவே, அவருக்கே தெரியாமல், இன்னும் பத்துப் பேருடைய நடையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குக் கல்லூரியில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், ‘வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை’. காகிதத்தில் இல்லாத வரவும் கிடையாது, செலவும் கிடையாது. கணக்குக்கு அது சரி. ஒரு மனிதர் எதை இழந்தார் என்று பார்ப்பதற்கும் அதே விதிதானா என்பதுதான் இந்த வாரக் குடைச்சல்.

கடலூர், விழுப்புரம் பக்கம் இருளர்கள் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? 2021-ல் வந்த ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். (அந்தப் படத்துக்கு மூலமான 1993 ராஜாக்கண்ணு சம்பவம் நடந்தது நெய்வேலிக்குப் பக்கத்துக் கம்மாபுரத்தில்தான். அவர் குறவர் சமூகத்தவர்; படத்தில் இருளர் ஆக்கினார்கள். அது வேறு விவாதம்.)

அறுவடை முடிந்த வயல். வரப்பெல்லாம் எலி வளை. ஒரு வளைக்கு நாலைந்து வாசல் இருக்கும். எல்லாவற்றையும் மண்ணால் அடைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் ஓட்டைப் பானையைப் பொருத்தி, அதற்குள் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே விடுவார்கள். ஊதி ஊதிக் கண் சிவந்து போகும். நெஞ்சு எரியும். மூச்சு முட்டிக் கிடக்கும் எலியைத் தோண்டி எடுத்தால் அன்றைக்குக் குழம்பு. அதைவிடப் பெரிய வரவு, வளையின் அடியில் எலி பதுக்கி வைத்திருக்கும் நெல். அதையும் அள்ளிக்கொண்டு போவார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த நெல் யாருடையது? விளைவித்தவர் வயல்காரர். திருடியது எலி. தோண்டி எடுத்தவர் இருளர். ‘என் நெல்லுடா அது, வெச்சிட்டுப் போ’ என்று வயல்காரர் கேட்டால் சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும். ஆனால் பொதுவாகக் கேட்பதில்லை. எலி ஒழிந்தால் அடுத்த போகம் தப்பிக்கும்; அவருக்கும் லாபம். வா என்று ஒருவர் அழைக்க, மற்றவர் வந்து வேலை செய்ய, கூலியாக வளை நெல். ஆஃபர், அக்செப்டன்ஸ், கன்சிடரேஷன் என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் கேட்கும் சமாசாரம் எல்லாம் இதில் இருக்கிறது. காகிதம் மட்டும் இல்லை.

இதை ஏதோ பொற்கால உறவு என்று நான் பாடவரவில்லை. முப்பது வயது வயல்காரர் அறுபது வயது இருளரை ‘வாடா’ என்பார். அவர் இவரை ‘ஐயா’ என்பார். வரப்பை உடைச்சிட்டான் என்று சண்டை வரும். ஊரில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் வயலுக்கு வந்துபோனவர் மேல்தான். ‘நாளையிலேருந்து வராதே’ என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் கேட்க நாதி கிடையாது.

நிஜமாகவே கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள பாத்தியத்தைப் பற்றி 1882-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஈஸ்மென்ட் சட்டம் என்று பெயர். பத்திரங்களில் ‘வண்டிப் பாதை பாத்தியம்’ என்று படித்திருப்பீர்களே, அதுதான். இருபது வருஷம் இடையூறில்லாமல் அனுபவித்துவந்தால் உரிமை வந்துவிடும். அடடா என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். தன் நிலத்தை அனுபவிப்பதற்காக அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்துகிறவருக்குத்தான் அந்தப் பாத்தியம். அதாவது, வழி கேட்பதற்கே முதலில் சொந்தமாக ஒரு நிலம் வேண்டும்! புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் நாற்பது வருஷம் அந்த வரப்பில் நடந்தாலும் அவருக்கு இருப்பது பெரும்பாலும் வெறும் அனுமதிதான். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சரி, நிலத்துக்காரர் கதை என்ன? 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு கேரள வழக்கில் முக்கியமான தீர்ப்புச் சொன்னது. மண்ணுக்கு அடியில் உள்ள கனிமமெல்லாம் அரசாங்கத்துடையது என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. சட்டப்படி பறிக்கப்படாதவரை, மேலே நிலம் யாருடையதோ அடியில் இருப்பதும் சாதாரணமாக அவருடையதே என்றது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அவரால் தோண்ட முடியாது. அரசாங்கம் நிலத்தைக் கையகப்படுத்திவிட்டால் மேலும் போச்சு, கீழும் போச்சு.

அமெரிக்காவில் இதே நாடகம் வேறு வேஷத்தில் நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் 2008 வாக்கில் ஷேல் எரிவாயுவுக்காகக் கம்பெனிகள் வந்து குவிந்தன. அங்கே மேல் மண்ணை ஒருவருக்கும் அடி மண்ணை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்கலாம். தாத்தா காலத்தில் அடி உரிமையை எவருக்கோ எழுதிக்கொடுத்திருந்தால், பேரன் வேலி போட்டு ‘அத்துமீறி நுழையாதே’ என்று போர்டு மாட்டியும் பிரயோஜனமில்லை. கம்பெனி லாரி நியாயமான அளவுக்கு உள்ளே வரலாம். மான் வேட்டைக்கு அனுமதி கேட்டுவரும் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் அந்த போர்டு தடுக்கும். அதே நாட்டில் வெர்மான்ட் என்ற குட்டி மாநிலம் 1777-லேயே தன் அரசியல் சாசனத்தில், வேலி போடாத நிலத்தில் வேட்டையாட மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. காகிதம் இல்லாதவருக்காக ஊரே சேர்ந்து ஒரு காகிதம் எழுதிய மாதிரி.

நம் ஊரில் அப்படி எழுதவே இல்லையா? பாதி எழுதியிருக்கிறார்கள். 2013-ல் வந்த மத்திய நிலமெடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் யார் என்று பட்டியல் இருக்கிறது. நிலத்துக்காரர் மட்டுமல்ல, மூன்று வருஷமாக அங்கே பிழைத்துவரும் விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லோரும் உண்டு. கொஞ்சம் கீழே போனால் ‘வேட்டைக்காரர்’ என்ற வார்த்தையே வருகிறது! படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாக்கியத்தை முழுசாகப் படித்தால், காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைக்கிற வேட்டைக்காரர், மீனவர், படகோட்டி. காடு உண்டு, ஏரி உண்டு. நெல் வயல் இல்லை. நம் எலி பிடிக்கிறவர் எதில் வருவார்? கூலி என்றால், கூலி கொடுத்தவர் யார்? எலியா? இரண்டு வரிகளுக்கு நடுவிலிருக்கும் இடுக்கில் விழுந்துவிடுகிறார். (அந்த மத்தியச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டின் 1997-ம் வருஷத்துத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்துக்கும் நடந்த இழுபறி ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று 2021 வரை ஓடியது. அந்தக் கதைக்குள் போனால் இந்தப் பக்கம் போதாது.)

இனி 2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காகப் பச்சை நெல்வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. டி.வி.யில் பார்த்த யாருக்கும் வயிறு கலங்கியிருக்கும். கம்பெனி சொன்னது: பல வருஷம் முன்பே கையகப்படுத்திப் பணம் கொடுத்த நிலம், விதைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தோம். காகிதப்படி அது கம்பெனி நிலம். சந்தேகமில்லை. விவசாயிகள் சொன்னது: நிலம் உங்களுடையதாக இருக்கலாம், பயிர் எங்களுடையது, அறுக்கிற வரைக்கும் பொறுத்தால் என்ன? இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் போராட்டம், கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. ஆகஸ்ட் ஆரம்பத்தில் ஹைகோர்ட், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடு என்றது.

இந்த 40,000-ஐ நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இது நிலத்துக்கான விலை இல்லை. பட்டாவுக்கான பணமும் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் ஒருவர் சிந்திய வியர்வைக்குக் கொடுத்தது. அன்றைக்கு அந்த விவசாயி நின்ற இடம் எது? வரப்பில் பானையோடு இருளர் நிற்கும் அதே இடம். ‘காகிதம் உன்னுடையது, ஆனால் நான் இங்கே பாடுபட்டேனே’ என்பதைத் தவிர அவரிடம் வேறு வாதம் கிடையாது. அந்த வாதம் செல்லும் என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டது. எனக்கும் அது சரி என்றே படுகிறது. அப்படியானால் அதே வாதம் இன்னொருவர் வாயிலிருந்து வந்தால் ஏன் செல்லாது?

எதிர்க்கேள்வி வரும், தெரியும். ‘இப்படிப் பார்த்தால் அந்த வழியாகச் சைக்கிளில் போனவன், மரத்தடியில் தூங்கினவன் எல்லாம் பணம் கேட்பான். அப்புறம் எந்த சுரங்கம், எந்த மின்சாரம்?’ நியாயமான பயம். நெய்வேலி மின்சாரம் நம் வீட்டு ஃபேனிலும் ஓடுகிறது, பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. அதை அனுபவித்துக்கொண்டே சுரங்கத்தைத் திட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கும். நெய்வேலியில் லாப நஷ்டம் நேர்கோட்டிலும் போவதில்லை. நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் இருப்பதால் ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கிணறு இறங்கிப்போச்சு என்று ஒரு கிராமம் அழுகிறது. இறைத்த தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய் இன்னொரு கிராமத்தில் நெல்லாகிறது.

ஆனால் மரத்தடியில் தூங்கினவருக்கும் எலி பிடித்தவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஐ.ஏ.எஸ். படிக்க வேண்டாம். தூங்கினவருக்கு வேறு மரம் இருக்கிறது. எலி பிடிக்கிறவருக்கு அந்த வயல் போனால் அந்த வருஷத்து நெல்லே போச்சு. எவ்வளவு பேருடைய சாப்பாடு அந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டால் போதும். எவ்வளவு பேர் மிதித்தார்கள் என்று கேட்க வேண்டாம். கணக்கெடுக்க வருகிறவர் கையில் இருக்கும் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். யார் எலி பிடித்தார், எந்த வயலில், எத்தனை வருஷமாக? இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாட்சி சொல்லப் பொருத்தமானவர் அந்த வயல்காரர்தான்.

கம்மாபுரம் பக்கத்தில், நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பணமும் வாங்கிவிட்ட ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். விலையைப் பற்றி, வேலை தருவதாகச் சொன்னதைப் பற்றி ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினார். எல்லாம் நியாயமான கோபம். ‘உங்க வயல்ல எலி பிடிக்க யாராவது வருவாங்களாங்க?’ என்றேன்.

‘ஏன் வராம? ஏரிக்கரைலேருந்து ஒருத்தன் வருவான். அவங்கப்பன் காலத்துலேருந்து வர்றவன். நல்ல மனுசன்.’

‘இப்ப எங்கே போறார்?’

‘அத எங்க கேட்டேன்...’ என்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, ‘பணம் வந்தப்ப கோயிலுக்குக் கொடுத்தேன், மச்சானுக்குக் கொடுத்தேன். இது தோணவே இல்லிங்க’ என்றார்.

அதிகாரிகள் கேட்டால் சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன்.

‘சொல்லலாம்’ என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘அவன் பேரு என்னான்னு கேட்டா என்ன சொல்றது? வாடா போடான்னுதானே கூப்பிட்டிருக்கேன்’ என்றார்.