நம் வீட்டுப் பூவின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! எனக்கும் உங்களுக்கும் முதலில் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

இன்று நாம் பேசப்போவது பூச்செடிகளைப் பற்றி. மிம்பரில் பேச இது ஒரு விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இன்று நம்மில் பலருடைய வீடுகளில் மாடியிலோ, பால்கனியிலோ, ஜன்னல் ஓரத்திலோ நான்கு தொட்டிகள் இருக்கின்றன. ரோஜா, செம்பருத்தி, மல்லி, குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று ஏதோ ஒன்று வளர்கிறது. தினமும் நாம் கைவைக்கும் ஒரு காரியத்தில் அல்லாஹ்வின் வரம்பு எது என்று தெரிந்துகொள்வது அவசியம்தானே?

இதில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "காய்க்காத செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதே இஸ்ராஃப், வீண் விரயம்" என்பவர்கள் ஒரு பக்கம். "என் வீடு, என் காசு, என் தண்ணீர், கேட்பதற்கு நீ யார்?" என்பவர்கள் மறுபக்கம். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அழகு வீணானதா?

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். பயன் இல்லாத செடி எதற்கு என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் உடனே ஒரு பயனைத் தேடிப் பிடிக்கிறோம். "இது வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்" என்கிறோம். நர்சரிக்காரரும் அதைச் சொல்லித்தான் விற்கிறார். 1989-இல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவிய பேச்சு அது. அந்த ஆய்வு, அடைத்து மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. நம் வீடு அப்படி மூடிய பெட்டி அல்ல. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் மறுபடியும் கணக்கிட்டவர்கள், கதவு ஜன்னல் வழியே இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலைக்கு முன்னால், சில தொட்டிச் செடிகள் செய்வது மிகச் சொற்பம் என்று காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிட மேல்.

அழகை நியாயப்படுத்த இப்படி ஒரு சாக்கு நமக்குத் தேவையே இல்லை. சூரத்துந் நம்லின் 60-வது வசனத்தில், வானத்திலிருந்து தண்ணீரை இறக்கித் தோட்டங்களை முளைக்கச் செய்ததை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். அந்தத் தோட்டங்களுக்கு அவன் கொடுக்கும் அடைமொழி, கண்ணுக்கும் மனதுக்கும் மகிழ்ச்சி தரும் அழகு என்பதுதான். காய், கனி, விலை எதுவும் அங்கே பேசப்படவில்லை. கூடவே, அவற்றின் மரங்களை முளைக்க வைக்க உங்களால் முடியாது என்றும் நினைவூட்டுகிறான். சூரத்துர் ரஹ்மானில் உமியுள்ள தானியத்தையும் ரைஹானையும் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறான். ரைஹான் என்பதற்கு உணவு என்று பொருள் சொன்ன விரிவுரையாளர்களும் உண்டு. நறுமணச் செடி என்று சொன்னவர்களும் பலர். இந்த இரண்டாவது பொருளின்படி பார்த்தால், வயிற்றுக்கானதும் மூக்குக்கானதும் ஒரே அருட்கொடைப் பட்டியலில் அருகருகே நிற்கின்றன.

ரைஹானை யாராவது நீட்டினால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணம் நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல உடையையும் நல்ல செருப்பையும் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்று சொல்லிவிட்டு, பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் என்று விளக்கிய ஹதீஸும் அதே நூலில் இருக்கிறது. இந்த அளவுகோலை மனதில் வையுங்கள். அழகு குற்றமல்ல. அந்த அழகுக்காக நாம் மனிதர்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் குற்றம் வரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பூவால் என்ன பயன்?" என்பதல்ல. "இந்தப் பூவின் விலையை யார் கொடுக்கிறார்கள்?" என்பதே. நானே கொடுத்தால் அது எனக்கு ஹலாலான மகிழ்ச்சி. எனக்குத் தெரியாமலே என் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துக்கொண்டிருந்தால்?

தண்ணீர்

"என் தண்ணீர்" என்ற இரண்டாவது பேச்சுக்கு வருவோம். 2019 கோடையைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அதே தெருவில் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்க முடிந்தவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் குழாயைச் செருகிப் புல்தரைக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் பீய்ச்சுவது, காசு நம்முடையது என்பதற்காகச் சரியாகிவிடுமா?

மதீனாவில் ஹர்ரா பகுதியின் நீர்க்கால்வாய் விஷயமாக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் தகராறு வந்தது. ஸுபைரின் நிலம் மேலே இருந்தது. தண்ணீர் முதலில் அவரிடம்தான் வரும். நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்வு, நீர் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை நிலத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்பது. இதை அந்த அன்ஸாரி ஏற்காமல் பேசிய பிறகுதான் ஸுபைரின் முழு உரிமையை அவருக்குக் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள சம்பவம் இது. கவனியுங்கள், மேல்நிலத்துக்காரருக்கு உரிமை இருந்தது. இருந்தும், அந்த உரிமையைக் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்தாமல் கீழே இருப்பவரை நினைத்துப் பார் என்பதே முதல் வழிகாட்டுதல். இன்று மேல்நிலம் என்பது ஆழமான போர்வெல் வைத்திருப்பவர். கீழ்நிலம் என்பது அடிபம்பில் காற்று மட்டும் வரும் பக்கத்துக் குடிசை.

தேவைக்கு மேல் மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கனுக்குக் கொடுக்காமல் தடுத்தவனை மறுமையில் அல்லாஹ் பார்க்க மாட்டான் என்ற எச்சரிக்கையும் புகாரியில் உண்டு. தாகம் என்று வரும்போது மனிதன் முதலில், பிறகு வாயில்லா ஜீவன், அதன் பிறகே பூச்செடி.

அப்படியானால் கோடையில் செடியை வாடவிட வேண்டுமா? தேவையில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. நாம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை முத்து செலவழிக்கிறோம்! ஒருமுறை உளூவுக்குப் பயன்பட்ட தண்ணீரைக் கொண்டு மறுபடி உளூ செய்ய முடியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஆனால் அது அசுத்தமானதல்ல. செடிக்கு ஊற்றத் தடையில்லை. வீட்டில் ஒரு பேசினில் பிடித்தாலே நான்கு தொட்டிக்குப் போதும். அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் அப்படியே. ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரில் மட்டும் உப்பு அதிகம். அதையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புப் படியும், நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். நம் பள்ளிவாசல்களில் ஐந்து வேளையும் சாக்கடைக்குப் போகும் உளூத் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்ப முடியுமா என்று நிர்வாகிகள் யோசிக்கட்டும்.

பக்கத்து வீடு

யாருக்கும் தீங்கிழைக்கவும் கூடாது, பதிலுக்குப் பதில் தீங்கு செய்யவும் கூடாது என்பது மார்க்கச் சட்டங்களின் அடிப்படைகளில் ஒன்று. இதைப் பால்கனித் தொட்டியோடு பொருத்திப் பாருங்கள். மேல்மாடியில் ஊற்றும் சேற்றுத் தண்ணீர் கீழ்வீட்டில் காயப்போட்ட துணியில் சொட்டுகிறது. அந்தத் துணியை மறுபடி துவைப்பவர் நம் பூவுக்கு விலை கொடுக்கிறார்.

இதைவிடப் பெரிய விஷயம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் பெருகுகிறது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும், மணி பிளான்ட் போட்ட பாட்டிலும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டையும் பாட்டிலையும் உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் வரவேற்பறைக்கு அழகாக இருந்த பாட்டில், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டால் அந்தப் பூவின் விலை என்ன? அந்தத் தாய்க்கு அது நம் வீட்டுக் கொசு என்று தெரியாமல் போகலாம். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஒடித்த கிளை

இன்னொரு பழக்கம். மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கக் கூடாது, யாருக்கும் தெரியாமல் ஒடித்து வந்து வைத்தால்தான் செல்வம் சேரும் என்ற பேச்சு நம் ஊர்களில் இருக்கிறது. நம்மவர்களும் சிலர் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். இதில் இரண்டு கேடுகள். ஒன்று, ரிஸ்க்கைக் கொடுப்பவன் அல்லாஹ். ஒரு கொடி அல்ல. பசிபிக் தீவொன்றைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சாதாரணக் கொடி அது. இரண்டு, அது திருட்டு. ஒரு முஸ்லிமின் உரிமையைப் பொய்ச் சத்தியத்தால் பறிப்பவனுக்கு நரகம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அற்பப் பொருளாக இருந்தாலுமா என்று தோழர்கள் கேட்டார்கள். அராக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும் சரியே என்று பதில் வந்தது. நாம் மிஸ்வாக்காகப் பயன்படுத்தும் மரத்தின் ஒரு குச்சி! "ஒரு கிளைதானே" என்று சொல்ல இனி நமக்கு வாய் வருமா? சுவர் தாண்டி வந்த கிளையானாலும் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். கேட்க வெட்கப்பட்டு எடுப்பதுதான் வெட்கம்.

செடிக்கும் ஒரு ஹக் உண்டா?

கடைசியாக, அந்தச் செடியின் நிலை. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நமக்குத் தெரியும். அவள் அதன் வழியையும் அடைத்தாள், தானும் கொடுக்கவில்லை.

செடி பூனை அல்ல. கால்நடைக்குத் தீனி போடுவது உரிமையாளர் மீது கடமை. உயிருள்ள பிராணிக்குரிய அந்தக் கடமையை ஃபுகஹாக்கள் மரம் செடிக்கு வைக்கவில்லை. ஆனால் முடிந்திருந்தும் பயிருக்கும் மரத்துக்கும் தண்ணீர் விடாமல் வாடவிடுவது மக்ரூஹ், வெறுக்கத்தக்கது என்று ஷாஃபிஈ நூல்களில் எழுதினார்கள். பொருளை வீணடிப்பது அது என்பதே காரணம். "முடிந்திருந்தும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வறட்சியில் இருந்த தண்ணீரைத் தாகித்தவருக்குக் கொடுத்ததால் செடி வாடியதென்றால், அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. கூலியை ஆதரவு வைக்கலாம்.

நிலத்தில் நிற்கும் மரம் தன் வேரை அனுப்பித் தண்ணீர் தேடும். தொட்டிச் செடிக்கு அந்த வழி இல்லை. அதை அடைத்தது நாம். ஆகவே அதன் தேவையைத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். வீட்டுக்குள் வளரும் செடிகள் பல தாகத்தால் சாவதில்லை, அளவுக்கு மீறி ஊற்றுவதால் வேர் அழுகிச் சாகின்றன. ரோஜாவுக்கு வெயில் வேண்டும். வெயில் வராத அறைக்கு ரோஜா வாங்காதீர்கள். வாங்குவதும் சாகவிடுவதும் மறுபடி வாங்குவதுமாக இருந்தால், அதுதான் இஸ்ராஃப். உம்ராவுக்கோ ஊருக்கோ போகும்போது வீட்டுச் சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுப்பதுபோல் செடியையும் ஒப்படைத்துச் செல்லுங்கள்.

அன்பிற்குரிய சகோதரர்களே! ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் படிக்கிறோம். நம் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து அலகை வைத்தால், அந்த நன்மையில் நமக்கும் பங்கு கிடைக்கும் என்று ஆதரவு வைப்போம். குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. செம்பருத்திக் குச்சி ஒன்றை நட்டு வேர்விட்டதும், மல்லியில் ஒரு பதியன் போட்டுப் பிடித்ததும், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டார்தான். இதுவரை நம் பூவுக்காக அவர் ஏதாவது விலை கொடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் அழகான வழியும் இதுவே.

இன்று வீட்டுக்குப் போனதும் தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளைத் தூக்கிப் பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

யா அல்லாஹ்! நீ தந்த அழகை நன்றியோடு அனுபவிக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் மகிழ்ச்சியின் சுமை பிறர் தலையில் விழாமல் காப்பாயாக! எங்கள் ஊர்களுக்குப் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.