ஆபத்துக்கான கூலியும் அடுத்தவர் உயிரும்

ஆபத்தான வேலைக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்பது அறவியலின் பழைய கேள்வி. அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டிப் பிழைப்பவர்களின் வருமானத்தை ஒப்பிடும்போது அது கண்ணெதிரே வந்து நிற்கிறது. இரும்பும் மரமும் ஏற்றும் திறந்த தட்டை ட்ரெய்லருக்கும் எண்ணெயும் ரசாயனமும் ஏற்றும் டேங்கருக்கும் வாடகை ஒன்றல்ல.

1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் கூலி வேறுபட ஐந்து காரணங்கள் சொன்னார்: வேலையின் கடுமை, கற்கும் செலவு, வேலை தொடர்ந்து கிடைப்பது, ஒப்படைக்கப்படும் நம்பிக்கை, தொழிலில் தேறும் வாய்ப்பு. இவற்றில் சில டேங்கரில் தெளிவாகத் தெரியும்: அதை ஓட்டத் தனி அனுமதி வேண்டும். அபாயப் பொருள் ஏற்றுபவர் கைரேகை கொடுத்து அரசின் பின்னணிச் சோதனையிலும் தேற வேண்டும். பாதி நிறைந்த தொட்டியில் பிரேக் பிடித்தால் திரவம் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். பால் போன்ற உணவு ஏற்றும் தொட்டிகளில், கழுவுவதற்கு வசதியாக, உள்தடுப்பு வைப்பதில்லை. தள்ளல் இன்னும் பலமாக இருக்கும்.

தட்டை ட்ரெய்லரின் பாடு உடம்பின் பாடு. கட்டும் சங்கிலிகளும் பட்டைகளும் சேர்ந்து சரக்கின் எடையில் பாதியையாவது தாங்க வேண்டும் என்பது சட்டம். கிளம்பிய முதல் 50 மைலுக்குள் இறங்கிக் கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். பனியிலும் காற்றிலும் லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் விரிக்க வேண்டும். குளிர்காலத்தில் கட்டுமானப் பணிகள் குறைந்தால் லோடும் குறையும்.

யார் கையில் அதிகம் மிஞ்சும் என்பதை வாடகைத் தொகையை வைத்துச் சொல்ல முடியாது. சொந்தத் தோட்டத்தைத் தானே பயிரிடுபவனிடம் நிலவாடகையும் லாபமும் கூலியும் கலந்திருக்கின்றன என்றார் ஸ்மித். லாரிக்காரரும் அப்படித்தான்: அவரே முதலாளி, அவரே தொழிலாளி. டேங்கரின் விலை, தொட்டி கழுவும் செலவு, காலியாகத் திரும்பும் மைல்கள், காப்பீடு எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் கூலி இருக்கிறது.

அந்தக் காப்பீடு யாருக்கானது என்பதுதான் முக்கியம். மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கு ஓடும் கனரக லாரி, சாதாரணச் சரக்குக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு காட்ட வேண்டும். எண்ணெய்க்கு அது 10 லட்சம். பெருமளவில் ஏற்றும் சில அபாயப் பொருள்களுக்கு 50 லட்சம். இது பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. ஓட்டுநரின் சொந்தக் காயத்துக்கானதல்ல. தார்ப்பாய் விரிக்கையில் விழும் ஆபத்தை ஒருவர் தெரிந்தே ஏற்கிறார். டேங்கர் கவிழ்ந்தால் பாதிக்கப்படும் ஊர்க்காரர் எதற்கும் சம்மதிக்கவில்லை. ஓட்டுநருக்குத் தரும் கூடுதல் கூலி ஊர்க்காரருடைய சம்மதத்தை வாங்கித் தராது. ஆகவே டேங்கருக்கு அதிகத் தொகை கிடைத்தால் அதை ஆபத்தின் விலை என்பதைவிட, ஸ்மித் சொன்ன நான்காவது காரணமான நம்பிக்கையின் ஊதியம் என்பதே பொருந்தும்.

தட்டை ட்ரெய்லரிலும் அந்த நம்பிக்கை உண்டு. அவிழ்ந்த இரும்புச் சுருள் பின்னால் வரும் காரையே நசுக்கும். ஆனால் மைல் கணக்கில் கூலி பேசும் இடத்தில், அதைத் தடுக்கக் கட்டி, இறுக்கி, சரிபார்க்கும் நேரத்துக்கு மைல் இல்லை.