தலையீற்றுப் பூனையும் இல்லறத்தார் கடமையும்



எல்லா உயிர்களும் வாழ விரும்புகின்றன என்னும் உண்மையை நாம் அறியாப் பருவம் முதலே கேட்டு வளர்ந்தவர்கள். கேட்ட அறம் நம் கைகளுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சோதிக்கும் வேளைகள் பெரும்பாலும் ஜினாலயத்தில் வாய்ப்பதில்லை. அவை வீட்டுப் பரண்மீதும், நெற்குதிரின் பின்புறத்திலும், படிக்கட்டின் அடியிலும் வந்து நிற்கின்றன. ஒருநாள் விடியலில் மூலையிலிருந்து மெல்லிய முனகல் ஒலி கேட்கிறது. எவர்க்கும் உரியதல்லாத, ஓராண்டும் நிரம்பாத இளம் பூனையொன்று அங்கே முதன்முறையாக ஈன்றுகொண்டிருக்கிறது.

இல்லத்தார் மூவகையாகப் பேசுகின்றனர். "கோணியில் போட்டு ஊர்க்கோடியில் விட்டு வாருங்கள்" என்கிறார் ஒருவர். "இது கொன்று தின்னும் பிராணி. இதற்கு உதவினால் இது பிடிக்கும் எலிகளின் பாவமும் நம்மைச் சேரும்" என்கிறார் மற்றொருவர். குழந்தைகளோ குட்டிகளை மடியில் வைத்துக் கொஞ்சத் துடிக்கின்றனர். இம்மூவர்க்கும் ஜினதருமம் கூறும் விடை யாது என்பதை இங்கே சிந்திப்போம்.

இரண்டாமவரின் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. பூனை முதலிய கொல்லும் பிராணிகளை வளர்ப்பதை அநர்த்த தண்டம் என்னும் வீண்செயல்களுள் வைத்து விலக்கும் நூல்கள் நம்மிடையே உண்டு. எலி பிடிப்பதற்கென்றே பூனையை வளர்ப்பவர், கொலைத் தொழிலைத் தம் கையால் செய்யாது வேறொன்றின் நகத்தால் செய்விக்கிறார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் அது செய்வித்தலாகும். ஆகவே அவ்விலக்கு முற்றிலும் பொருந்துவதே.

ஆயினும், வளர்ப்பது வேறு. துன்புறும் வேளையில் துணைநிற்பது வேறு. தத்துவார்த்த சூத்திரம், எல்லா உயிர்களிடத்தும் நட்பும், குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சியும், துன்புறுவோரிடத்துக் கருணையும், நெறிக்கு அடங்காதாரிடத்து நடுவுநிலையும் வேண்டும் என்று நான்கு பாவனைகளைக் கூறுகிறது. கருணைக்கு உரியவர் யார் என்பதற்கு அது கூறும் தகுதி ஒன்றே, அது துன்புறுதல். துன்புறும் உயிர் எதனை உண்டு வாழ்கிறது என்று கேட்டு அறிந்த பின்னரே கருணை காட்டுக என்று அது கூறவில்லை.

பகவான் மகாவீரரின் முற்பிறவிகளுள் ஒன்று சிங்கப் பிறவி. வேட்டையாடித் திரிந்த அச்சிங்கத்திற்கு வான்வழிச் சென்ற சாரண முனிவர் இருவர் இறங்கிவந்து அறம் உரைத்தனர். "இது கொல்லும் விலங்கு" என்று அவர்கள் கடந்து போயிருப்பின் அவ்வுயிர் அன்று அறம் கேட்டிராது. பூனை அச்சிங்கத்தின் சிறிய உறவு. ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். அதனுள் உறையும் ஆன்மா எத்துணை உயரும் என்பதை அளந்து சொல்ல நாம் யார்?

நடைமுறையிலும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் எனப்படும் திகம்பர ஜைன ஆலய வளாகத்தில், பறவைகளுக்கான தரும மருத்துவமனை நடந்து வருகிறது. புலால் உண்ணாத பறவைகளை அங்கே தங்கவைத்துப் பேணுகின்றனர். பருந்து போன்ற புலாலுண்ணும் பறவைகளைத் தங்கவைப்பதில்லை. ஆயினும் அவற்றைத் துரத்துவதுமில்லை. புறநோயாளிகளாக ஏற்று, மருந்திட்டு அனுப்புகின்றனர். நம் பரண்மேல் வந்த பூனைக்கும் இவ்வழியே பொருந்தும். அதனை வேட்டைக்கு வைத்துக்கொள்ளோம். அதன் இடர்ப்பாட்டில் கைவிடவும் மாட்டோம். எலிகளிடத்தும் நமக்குக் கருணை உண்டாதலின், தானியத்தை மூடிவைத்து, சிந்தியதைப் பெருக்கி, எலி வாராதபடி வீட்டைத் தூய்மையாக வைத்திருப்போம்.

இனி, உதவும் முறைக்கு வருவோம். கருணை உள்ளத்தில் எழுந்தால் மட்டும் போதாது. அதற்கு அறிவும் வேண்டும். பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 67 நாள்கள். ஈனும் இடம் அரையிருளாகவும், காற்று நேரே வீசாததாகவும், ஆள்நடமாட்டம் அற்றதாகவும் இருத்தல் நலம். ஓர் அட்டைப்பெட்டியில் துவைத்துலர்ந்த பழைய பருத்திப் புடவையை மடித்திட்டு அருகில் வைத்தால் போதும். பூனை அதனை ஏற்கலாம். ஏற்காது வேறிடமும் தேடலாம். அவ்வுரிமை அதனுடையது.

குட்டி ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வுப்பையினுள் பிறக்கும். தாய் அதனைக் கிழித்து, நக்கித் துடைத்து, தொப்புள்கொடியைக் கடித்துத் துண்டிக்கும். நஞ்சுக்கொடியைத் தின்பதும் இயல்பே, அருவருக்க வேண்டா. பெரும்பாலான தாய்கள் தலையீற்றிலேயே இவையனைத்தையும் தாமே செய்துவிடும். சில இளந்தாய்கள் மட்டும், தமக்கு நேர்ந்தது இன்னதென்று அறியாது திகைத்து நிற்கும்.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், பயிற்சி மாணவியர் முதன்முறை வகுப்பெடுக்கும்போது பின்வரிசையில் அமர்ந்து நோக்குவது வழக்கம். அப்பெண் தயங்குவாள், கரும்பலகையில் கோணலாக எழுதுவாள். மேற்பார்வையாளர் எழுந்து சென்று சுண்ணக்கட்டியை வாங்கிவிட்டால் பாடம் ஒழுங்காக நடந்துவிடும். ஆனால் அவள் அன்று ஆசிரியர் ஆகமாட்டாள். பின்வரிசையில் அமர்ந்திருப்பதே அங்கே பெரிய உதவி. வகுப்பு உண்மையாகவே சிதறும் நிலை வந்தால் மட்டும் எழவேண்டும். தலையீற்றுப் பூனைக்கும் இதுவே நெறி. தாயின் இடத்தை நாம் எடுத்துக்கொள்ளாமல், அவள் தாயாவதற்குத் துணைநிற்க வேண்டும்.

எழவேண்டிய தருணங்கள் சிலவே. குட்டி பிறந்து ஓரிரு நிமிடத்திற்குள் தாய் சவ்வை நீக்காவிடில், தூய கைகளால் முகத்தை மூடிய சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் மெல்லத் தேய்த்துத் தாயின் வாயருகே வைக்க வேண்டும். கொடியைத் தாய் துண்டிக்காவிடில், குட்டியின் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தூய நூலால் இறுகக் கட்டி, கட்டுக்கு அப்பால் கொதிநீரில் இட்டெடுத்த கத்தரியால் வெட்டலாம். அரைமணி நேரம் வரை கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிடில் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். அங்கே கைவைத்தியம் கூடாது.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என ஒன்றுண்டு. எப்பொருளையும் உயிர்க்கு ஊறு நேராதபடி பார்த்து எடுத்து, பார்த்து வைத்தல் என்பது அதன் பொருள். கண் திறவாத குட்டியொன்றைக் கையிலெடுக்கும் அளவேனும் இல்லறத்தாராகிய நாம் அச்சமிதியைப் பயிலலாமன்றோ?

இனி, ஈன்ற பின் வரும் நாள்களைப் பார்ப்போம். கொல்லாமை என்னும் அனுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிக் காட்டுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொலை செய்யாதவரும் இவற்றுள் வழுக்கி விழுவதுண்டு.

முதலாவது, கட்டுதல். கயிற்றால் கட்டுவது மட்டும் கட்டன்று. தாய் வெளியே சென்றதை அறியாது பரண் கதவைச் சாத்துவதும் கட்டே. பிறந்த குட்டிகள் தம் உடற்சூட்டைத் தாமே காக்க இயலாதவை. முதல் வாரத்தில் அவற்றிற்கு 30 டிகிரி செல்சியஸ் அளவு வெம்மை வேண்டும். தாயின் வயிறே அவற்றின் அடுப்பு. ஒரு சாத்திய கதவு அவ்வடுப்பை அணைத்துவிடும். தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் மாறுவதையும் தடுத்தல் ஆகாது. ஆகாரம், பயம் முதலான நான்கு உணர்ச்சிகளுள் பயம் அதனை அவ்வாறு செலுத்துகிறது.

இரண்டாவது, அடித்தல். ஈன்ற பூனை சீறும்; நகம் நீட்டும். பகைமையன்று, காவலே அது. கோலோங்குவதும் உரக்க அதட்டுவதும் அஞ்சிய தாயைக் குட்டிகளை விட்டே ஓடச் செய்யும். சில தாய்கள் நலிந்த குட்டியை ஒதுக்கும். இறந்ததைத் தின்பதும் உண்டு. அப்போதும் "இதுவும் ஒரு தாயா" என்று பழித்தல் வேண்டா. நடுவுநிலை என்னும் நான்காம் பாவனை இத்தகைய இடத்திற்கு உரியது.

மூன்றாவது, உறுப்பறுத்தல். தொப்புள்கொடியை வெட்டுவது இக்குற்றம் ஆகாது; அது உயிர் காக்கும் நோக்கத்தில் எழுவது. ஆனால், எட்டு வாரம் நிரம்பாத குட்டிகளைத் தாயினின்று பிரித்துக் கோணியில் கட்டிச் சந்தைப்புறத்தில் விடுவது, உடலின் உறுப்பையே அறுப்பது போன்ற கொடுமை. முதலாமவர்க்கு நாம் கூறும் விடை இது. கண்ணெதிரே கொல்லவில்லை என்பதனால் கொலை நிகழவில்லை என்று ஆகிவிடாது. பாலற்ற இடத்தில் விடப்பட்ட பச்சிளங்குட்டி சில மணி நேரத்திலேயே குளிர்ந்து மடியும்.

நான்காவது, மிகுபாரம். நாளெல்லாம் குழந்தைகள் குட்டிகளைக் கைமாற்றிக் கொஞ்சுவது இளந்தாய்க்கும் குட்டிகளுக்கும் பாரம். இரண்டு மூன்று வாரம் வரை எட்ட நின்று காண்பதே அன்பு என்று குழந்தைகட்குக் கற்பியுங்கள். அஃது அவர்கள் பெறும் முதல் அகிம்சைப் பாடமாக அமையும். பாலூட்டும்போதே பூனை மீண்டும் சினையாகக்கூடும். ஈற்றின்மேல் ஈற்றாக வருவதும் பெரும்பாரமே. கருத்தடை அறுவை உறுப்பறுத்தலாகாதோ என ஐயுறுவோர் உண்டு. சினமோ ஆதாயமோ இன்றி, அவ்வுயிரின் நலனையும் பிறந்து பட்டினியால் மடியும் குட்டிகளையும் எண்ணிப் பார்த்து, மருத்துவரைக் கலந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றின்படி முடிவு செய்தல் வேண்டும்.

இப்பாரங்களினும் பெரிய பாரம் ஒன்றுண்டு. அது நம் விரதத்தைப் பூனையின்மேல் ஏற்றுவது. பூனையின் உடல் புலாலைக் கொண்டே வாழ அமைந்தது. அதற்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து தாவர உணவில் கிட்டாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். டாரின் சேர்த்த சைவ உணவுகள் விற்கப்படுகின்றன. எனினும் பாலூட்டும் காலத்தில் மருத்துவரைக் கேளாது அவற்றை மட்டும் நம்பலாகாது. நம் இல்லத்தில் புலால் வாங்கோம். அதே வேளை, கதவடைத்து, பால்சோற்றில் மட்டுமே அதனை நிறுத்தி மெலிவிக்கவும் கூடாது. சிங்கம் அறம் கேட்டுத் தானே கொலை துறந்தது. எவரும் அதன் வாயைக் கட்டவில்லை. விரதம் என்பது தானே ஏற்பது. பிறிதோர் உயிரின்மேல் ஏற்றப்பட்டால் அது விரதமாகாது, வெறும் பாரமே.

ஐந்தாவது, உணவும் நீரும் தடுத்தல். பாலூட்டும் பூனை வழக்கத்தினும் இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டி நிற்கும். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் இல்லங்களில் அடுக்களை மாலையிலேயே மூடப்படுகிறது. நம் விரதம் நமக்கு. வடிகட்டிய நீர் நிறைந்த கிண்ணமொன்று இரவும் தாயின் அருகே இருக்கட்டும். குட்டிகள் முதல் நாளிலேயே சீம்பாலைக் குடித்தாக வேண்டும். நோயெதிர்க்கும் ஆற்றல் அதில்தான் இருக்கிறது. பிறக்கையில் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி, நாளொன்றுக்குப் 10 கிராமேனும் கூடுமாயின் தாயின் பால் போதுமானதென்று அறியலாம்.

எடை கூடாது ஓயாமல் கத்தும் குட்டிக்குப் பசும்பால் புகட்ட வேண்டா. அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென விற்கும் மாற்றுப்பாலை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புறக் கிடத்தியவாறே, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் புகட்டலாம். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுள் செல்லும். குளிர்ந்துபோன குட்டிக்கு, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் சூடேற்றிய பின்னரே பால் தரவேண்டும். தாய் நக்கித் தூண்டினால்தான் குட்டிகள் மலசலம் கழிக்கும். தாய் செய்யாவிடில் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்து அதனைச் செய்விக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு குட்டி இறந்துபோகலாம். ஆயுள் கருமம் முடிந்தால் நிறுத்துவார் இல்லை. அவ்வேளையில் சீவக நம்பியை நினையுங்கள். அடிபட்டு உயிர்போகும் நாயின் செவியில் அவன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. மருந்து தோற்ற இடத்திலும் நம்மால் தரத்தக்கது ஒன்று எஞ்சியிருக்கிறது. குழந்தைகளை அருகிருத்தி அதனை ஓதச் செய்யுங்கள்.

கொல்லாதிருத்தல் அகிம்சையின் முதற்படி. எவ்விடத்தில் கைநீட்டுவது, எவ்விடத்தில் கையை மடக்கிக்கொள்வது என்று அறிதல் அதற்கு மேற்பட்ட படி. தலையீற்றுப் பூனைக்கு வேண்டுவன சிறிது இருள், சிறிது வெம்மை, நிறைந்த நீர், திறந்த கதவு, இடர் வந்தால் மட்டும் எழும் ஒரு கை. இவற்றுள் பொருட்செலவு மிக்கது எதுவுமில்லை. அடுத்தமுறை உங்கள் பரண்மேல் முனகல் கேட்டால் கோணியைத் தேடாதீர்கள். கதவைச் சற்றே திறந்துவைத்து, ஓசையின்றி இறங்கி வாருங்கள்.

ஜினதருமம் வாழ்க! எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!