'சும்மா' என்று யார் சொல்லலாம்?

"ஏட்டி, சும்மாதான சொன்னேன்? அதுக்குப் போயி குரூப்ப விட்டே வெளிய போயிட்டியே!"

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்குப் பழகிப்போன வாக்கியம் இது. என் மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குறைந்தது மூன்று குழுக்கள் உண்டு. ஆசிரியர் இருக்கும் குழுவில் தேர்வு அட்டவணையும் 'ஓகே மேம்' என்ற பதிலும்தான் இருக்கும். ஆசிரியர் இல்லாத வகுப்புக் குழுவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து அரட்டை அடிப்பார்கள். மூன்றாவது, நாலைந்து தோழிகள் மட்டும் இருப்பது. மீம், ஸ்டிக்கர், பட்டப்பெயர் எல்லாம் பின்னிரண்டில்தான் நடக்கும். அங்கே ஒருத்தி மனம் நொந்தால் உடனே வந்து விழும் சொல் 'சும்மா'. அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாருக்கு?

முதலில் அரட்டையின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'எப்பப் பாத்தாலும் போன்ல வெட்டிப்பேச்சு' என்ற புகார் பெண்பிள்ளைகள் மீதுதான் அதிகம் விழுகிறது. தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆண்களின் வெட்டிப்பேச்சுக்கு எப்போதும் இடம் இருந்தது: டீக்கடை பெஞ்சு, பாலத்துக் கைப்பிடிச் சுவர், கோயில் திண்ணை. பெண்களும் பேசினார்கள், நக்கலடித்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அப்போது அவர்கள் கையில் ஒரு வேலை இருந்தது. படித்துறையில் துணி துவைத்தார்கள், வயலில் நாற்று நட்டார்கள், மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தால் 'அங்க என்ன பேச்சு?' என்று ஒரு குரல் வரும். இரவு பதினோரு மணிக்கு விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் எந்த வேலையும் இல்லாமல், பத்துக் காசுக்குப் பிரயோசனமில்லாத ஒரு விஷயத்துக்காகத் தோழிகளோடு சிரிக்கும் பெண் இந்த ஊர்களுக்குப் புதியவள். அவளுடைய ஆச்சிக்கு அது வாய்க்கவில்லை. அதை ஒரு சுதந்திரம் என்றே நான் எண்ணுகிறேன்.

அதைப் பறிப்பது எளிது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், குறிப்பிட்ட நேரங்களில் மாணவிகள் போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், வழக்குத் தொடுத்தார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொன்னது. அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. என்றாலும், படிப்புக்குப் போன் வேண்டும் என்று உரக்கச் சொல்லும் நமக்கு, சும்மா பேசவும் வேண்டும் என்று சொல்ல இன்னும் கூச்சமாகவே இருக்கிறது.

இனி அடுத்த பக்கம். வகுப்பில் ஒரு மாணவி தூங்கி வழிகிறாள். அந்தப் படம் ஸ்டிக்கராகி வகுப்புக் குழுவில் வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கும் எமோஜி ஒன்றைப் போடுகிறாள். இது கேலியா, வதையா? படத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்பது வேறு. ஸ்டிக்கர் செய்தவன் கொட்டாவி விடும் படத்தை அவள் பதிலுக்குப் போட முடியுமா? போட்டால் அதே சிரிப்பு கிடைக்குமா, இல்லை 'வாயாடி' என்று பெயர் வருமா? அவனுடைய படம் ஊருக்குப் போனால் ஒன்றும் ஆகாது. அவளுடையது போனால் அண்ணனோ சித்தப்பாவோ பார்ப்பார்கள், படிப்பே நின்றுபோகலாம். விளையாட்டு ஒன்றுதான், ஆனால் அவள் வைக்கும் பணயம் பெரியது.

நம் உறவுமுறையில் கேலிக்கு ஒரு கணக்கு உண்டு. அத்தை மகனும் மாமன் மகளும் கேலி பேசலாம். மதினியும் கொழுந்தனும் பேசலாம். மாமியாரிடம் மருமகள் பேச முடியாது. இத்தகைய கேலி உறவுகளைப் பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் ஒரு கட்டுரை எழுதினார். அவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்றில் இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். மற்றொன்றில் ஒருவர் செய்வார்; மற்றவர் கோபப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி நட்பில் மாமன் மகனும் இல்லை, மாமியாரும் இல்லை. அதனாலேயே அது நமக்குப் பிடிக்கிறது. ஆனால் உறவுமுறை காலி செய்த இடத்தில் ஆண்-பெண் என்பதும் சாதியும் வந்து உட்கார்ந்துகொண்டு, முதல் வகைக் கேலியை இரண்டாம் வகையாக மாற்றிவிடுகின்றன.

1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆண்கள் செய்த தொல்லையில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகு தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. டீசிங் என்றால் கேலி. ஓர் உயிர் போன பிறகும் அதற்குக் கேலி என்று பெயர்! பின்னர்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள்.

எங்கள் மாவட்டத்தில் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு, தலித் மாணவர் ஒருவரை அவர் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தனக்கு நடந்த தொந்தரவை அவர் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது இது. பதில் பேசுவதற்கு சிலர் எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது! இதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் எங்கள் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கயிற்றைக் கழற்றலாம், ஸ்டேட்டஸில் ஓடும் பாட்டை என்ன செய்வது? 'உங்க ஊர்ல நீ எந்தத் தெரு?' என்று ஒரு கண்சிமிட்டும் எமோஜியோடு வரும் கேள்வியை என்ன செய்வது?

பெண்கள் மட்டும் இருக்கும் மூன்றாவது குழுவும் இதற்கு விலக்கல்ல. நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, ஊர்ப் பேச்சைச் சொல்லி வைக்கும் பட்டப்பெயர்கள் அங்கேயும் உண்டு. பெரும்பாலும் ஒருத்திக்கே அவை விழும். தோழிகளை இழக்கப் பயந்து அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

'இப்படி எல்லாத்தையும் அளந்து அளந்து பேசினா, அது என்ன பிரண்ட்ஷிப் மேம்?' என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நாக்குக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு யாராலும் சிரிக்க முடியாது. சொல்வதற்கு முன் அளக்கும்படி நான் கேட்கவில்லை. சொன்ன பிறகு எதிரே இருப்பவளைப் பாருங்கள் என்கிறேன். பதில் சொல்ல அவளால் முடிகிறது, சொல்லியும் ஒன்றும் இழக்கவில்லை என்றால் அது கேலி. எத்தனை காரமாக இருந்தாலும் பரவாயில்லை. அவளுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்றால், எத்தனை மென்மையாகச் சொன்னாலும் அது கேலி இல்லை. 'சும்மாதான சொன்ன, விடு' என்று கேட்டவள் சொல்லலாம். சொன்னவர் தனக்குத் தானே அந்த மன்னிப்பை எழுதிக்கொள்ள முடியாது.

அறுபது பேர் இருக்கும் குழுவில் ஸ்டிக்கர் செய்தவன் ஒருவன், அதில் இருப்பவள் ஒருத்தி. மீதி ஐம்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள், சிரித்தார்கள். பிறகு அவள் குழுவை விட்டு வெளியேறினாள். அன்று இரவே அவர்களில் ஒருத்தியாவது அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும்.